ஆப்கான் ஃபார்வர்டுகள்: கேள்வி பதில்

போன வாரம் "ஆப்கானிஸ்தானின் முன்கள வீரர்கள் பற்றிக் கேட்க நினைப்பதைக் கேளுங்கள்" என்று ஒரு வரி போட்டேன். பத்துப் பேர் கேட்டால் பெரிய விஷயம் என்று நினைத்திருந்தேன். வந்து குவிந்துவிட்டது. தெற்காசியக் கால்பந்துப் போட்டிகளை நோட்டுப் போட்டுக் குறித்து வைப்பது என் பழைய பைத்தியம். எனக்குத் தெரிந்தது அந்த நோட்டில் இருப்பதுதான். அதைத் தாண்டிக் கேட்டால் ஒரு வரிதான் வரும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். "ஆப்கானி வீரர்" என்று எழுதாதீர்கள். ஆப்கானி என்பது அந்த நாட்டுப் பணம். ஆள் என்றால் ஆப்கானியர், அல்லது சும்மா ஆப்கான். "ரூபாய் வீரர் சுனில் சேத்ரி" என்று எவராவது எழுதினால் நமக்கு எப்படி இருக்கும்?

ஆஃப்சைடு அண்ணாச்சி: ஒரு ஆப்கான் ஸ்டிரைக்கரின் தொழில் வாழ்க்கை பொதுவாக எப்படிப் போகும்? பிரேசில்காரன் என்றால் தெருவில் ஆடி, கிளப்புக்குப் போய், ஐரோப்பாவுக்குப் போவான். இவர்கள்?

நல்ல கேள்வி அண்ணாச்சி. இவர்களுக்கு வரிசை தலைகீழ். முதலில் ஐரோப்பா, அப்புறம்தான் கால்பந்து, கடைசியில்தான் ஆப்கானிஸ்தான்.

பலால் அரெசூவை எடுத்துக்கொள்ளுங்கள். காபூலில் பிறந்தார், நார்வேயில் வளர்ந்தார், அங்கே ஆஸ்கர் என்ற சின்ன கிளப்பில் ஆடினார். 2011 டிசம்பரில் டெல்லியில் நடந்த தெற்காசியக் கோப்பைக்கு வந்து பூட்டானுக்கு எதிராக நான்கு கோல் போட்டார். ஆட்டம் 8-1. அரையிறுதியில் நேபாளத்துக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் விழுந்த ஒரே கோலும் அவருடையதுதான். நார்வேயில் அவரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. டெல்லியில் அந்த ஒரு வாரத்துக்கு அப்புறம் இந்தியக் கிளப்புகள் அவர் பெயரைத் தெரிந்துகொண்டன. பின்னால் கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸுக்கு வந்து ஆடினார்.

இப்போது சஞ்சர் அகமதி. அவரும் காபூலில் பிறந்தவர், வளர்ந்தது ஜெர்மனி. ஐரோப்பாவில் ஆப்கானியர்கள் நிறையப் பேர் வாழும் ஊர்களில் ஹாம்பர்க் முன்னணியில் இருக்கிறது. அந்த மாதிரி ஊர்களில் குடியேறியவர்களின் பிள்ளைகள் ஆடும் கீழ்நிலை லீக் அணிகளில்தான் ஆப்கான் தேசிய அணி ஆள் தேடியது. ஒரு பயிற்சியாளருக்குத் தன் ஸ்டிரைக்கரைப் பார்க்க விசா வாங்கிக்கொண்டு ஜெர்மனியின் நாலாம், ஐந்தாம் டிவிஷன் ஆட்டத்துக்குப் போக வேண்டிய நிலை. உள்ளூரில் பார்க்கலாம் என்றால் 2012 வரை தொழில்முறை லீக்கே கிடையாது.

அதனால் இவர்களில் ஒருவருடைய வாழ்க்கையைப் படிக்கும்போது கோல் கணக்கை அப்புறம் பாருங்கள். எந்த வருஷம் நாட்டை விட்டுப் போனார், எந்த வருஷம் எந்த நாட்டுக் காகிதம் கைக்கு வந்தது, அதைப் பாருங்கள். கிளப் மாறிய தேதிகளெல்லாம் அதற்குப் பின்னால்தான் ஓடி வரும்.

பெஞ்சு பிளேயர்: அரெசூ மொத்தம் எத்தனை சர்வதேச கோல்? ஒரு தளத்தில் ஒன்று, இன்னொன்றில் வேறு.

மொத்தத்தை நம்பாதீர்கள். எழுத்துக்கூட்டல்தான் முதல் வில்லன். பலால், பிலால், பெலால். அரெசூ, அரேசோ, அர்சூ. ஐரோப்பியக் கிளப் பதிவில் ஒரு வடிவம், ஆசியப் போட்டியின் ஆட்டக்குறிப்பில் இன்னொன்று. பெயர் அவர்கள் பேசும் தாரி மொழியில் ஒன்றுதான். அது லத்தீன் எழுத்துக்கு மாறும்போது ஒவ்வொரு குமாஸ்தாவும் தன் காதுக்குக் கேட்டபடி எழுதிவிடுகிறார்.

நானே இதில் விழுந்து எழுந்தவன். ஒரு பத்திரிகைக்கு 2013 அணியின் பட்டியல் எழுதிக் கொடுத்தேன். அச்சில் வந்தபோது சஞ்சர் அகமதி ஒருவர், சாண்ட்ஜர் அஹ்மதி இன்னொருவர், ஆளுக்குப் பாதிக் கோல். குற்றம் அச்சுக்காரருடையது என்று இரண்டு நாள் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு என் கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பார்த்தால் அதிலேயே அப்படித்தான் இருக்கிறது.

கோல் போஸ்ட்: ஆப்கானி வீரர்கள் ஏன் யாரும் பெரிய ஐரோப்பியக் கிளப்பில் இல்லை?

பணம். (வேண்டுகோளைப் படிக்கவும்.)

சரி, விளையாட்டு போதும். கிட்டத்தட்டப் போனவர்கள் உண்டு. காபூலில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த மஸியார் கோஹ்யார் என்ற விங்கர், அதாவது ஓரத்தில் ஓடி ஆடும் முன்கள ஆள், 2017-ல் வால்சால் அணிக்கு ஆடினார். இங்கிலாந்துத் தொழில்முறை லீக்கில் ஆடிய முதல் ஆப்கான் அவர். பெண்களில் நாடியா நதீம் பாரிஸ் வரைக்கும் போனார். அவரைப் பற்றி நாற்பது கேள்வி வந்திருக்கிறது, வருகிறேன்.

மழைக்கால மைதானம்: 2013-ல் அவர்கள் இந்தியாவைத் தோற்கடித்ததை அப்பா அடிக்கடி சொல்வார். உண்மையிலேயே அவ்வளவு நல்ல அணியா, இல்லை நமக்கு அன்று நாள் சரியில்லையா?

உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம். இதற்குக் கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும்.

2011 டெல்லி இறுதியாட்டத்தில் இந்தியா 4-0 என்று ஜெயித்தது. ஸ்கோரை மட்டும் பார்த்தால் ஒருதலைப்பட்சம். ஆனால் 70 நிமிடம் வரை 0-0. அப்புறம் இந்தியாவுக்கு ஒரு பெனால்டி. ஆப்கான் கோல்கீப்பர் நடுவரிடம் சண்டைக்குப் போய் சிவப்பு அட்டை வாங்கினார். சேத்ரி பெனால்டியைப் போட்டார், பத்துப் பேராக நின்ற அணி கடைசி இருபது நிமிடத்தில் கழன்று விழுந்தது. அந்த வலியோடுதான் அவர்கள் இரண்டு வருஷம் இருந்தார்கள்.

2013 செப்டம்பர், அடுத்த தெற்காசியக் கோப்பை, காட்மாண்டு தசரத மைதானம். பயிற்சியாளர் முகமது யூசுப் கார்கர். அரையிறுதியில் எதிரி நேபாளம், மைதானம் முழுக்க நேபாள ரசிகர்கள். சஞ்சர் அகமதி ஒரு கோல் போட்டார். அதற்குப் பிறகு ஆப்கான் கோல்கீப்பர் மன்சூர் ஃபகிர்யார் இரண்டு பெனால்டியைத் தடுத்தார். ஒரே ஆட்டத்தில் இரண்டு! அவர் காபூலில் பிறந்து ஜெர்மனியின் பிரேமன் பக்கம் வளர்ந்தவர். போட்டியின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே போனது.

இறுதியாட்டம் செப்டம்பர் 11. ஒன்பதாவது நிமிடத்திலேயே முஸ்தபா அசாத்சோய் முதல் கோல். இந்தியா பந்தை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது, உள்ளே போக வழியில்லை. 62-ஆவது நிமிடம் சஞ்சர் அகமதி இரண்டாவதைப் போட்டார். 2-0. ஆப்கான் கால்பந்து வென்ற முதல் சர்வதேசக் கோப்பை அது. அன்று இரவு காபூல் தெருவெங்கும் துப்பாக்கிச் சத்தம். ஒரு தடவையாவது கொண்டாட்டத்துக்காகக் கேட்ட சத்தம்.

நமக்கு நாள் சரியில்லை என்பதெல்லாம் இல்லை. அவர்கள் ஆட்டத்தின் அமைப்பே எதிர்த்தாக்குதல். பின்னால் அடைத்துக்கொண்டு நின்று, பந்து கிடைத்ததும் முன்னால் ஓடும் இரண்டு பேரிடம் நேராகக் கொடுப்பது. ஜெர்மன் கீழ்நிலை லீக்கில் வளர்ந்தவர்களுக்கு உடம்பு வலு உண்டு, அந்த ஆட்டம் அவர்களுக்குப் பழக்கம். வருஷத்துக்குச் சில நாள் மட்டுமே சேர்ந்து பயிற்சி எடுக்கும் அணிக்கு அதைவிட நல்ல திட்டம் கிடையாது.

அதே ஆண்டு உலகக் கால்பந்து அமைப்பான ஃபிபாவின் நேர்மை ஆட்ட விருது ஆப்கான் கால்பந்துக் கூட்டமைப்புக்குக் கிடைத்தது. அப்போது அதன் தலைவர் கெராமுதீன் கரீம். தேசிய அணிப் பெண்களைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கிய குற்றத்துக்காக 2019-ல் அதே ஃபிபா அவருக்கு வாழ்நாள் தடை விதித்தது, பத்து லட்சம் ஸ்விஸ் ஃப்ராங்க் அபராதத்தோடு. இந்த இரண்டு வரியையும் நோட்டில் அடுத்தடுத்து எழுதியது நான்தான்.

ஓரக்கோடு: திருவனந்தபுரம் இறுதியாட்டம்?

போயிருந்தேன். தெற்காசியக் கோப்பை, ஆப்கானுக்கு எதிரி இந்தியா, 2016 ஜனவரி 3. அவர்கள் அரையிறுதியில் இலங்கையை 5-0 என்று அடித்துவிட்டு வந்திருந்தார்கள். கைபர் அமானி நான்கு கோலோடு போட்டியின் முதலிடத்தில் இருந்தார்.

எழுபதாவது நிமிடம் ஜுபைர் அமீரி கோல் போட்டார். அத்தனை பெரிய மைதானத்தில் சத்தம் அப்படியே அடங்கியது. என் வரிசையில் கடலை விற்றுக்கொண்டு வந்தவர் பொட்டலத்தை நீட்டிய கை நீட்டியபடியே நின்றுவிட்டார். நான் வாங்கவும் இல்லை, அவர் இழுக்கவும் இல்லை. இரண்டே நிமிடம். இந்தியாவின் ஜெஜெ சமன் செய்தார். கடலை முழுக்கக் கீழே. கூடுதல் நேரத்தில் சேத்ரி முடித்து வைத்தார், 2-1. அதோடு ஆப்கான் தெற்காசியப் போட்டியை விட்டு மத்திய ஆசியக் கூட்டமைப்போடு போய்விட்டது. இன்றுவரை எனக்கு அதில் வருத்தம். இந்தியாவுக்கு இந்த வட்டாரத்தில் சரிக்குச் சரி நின்ற எதிரி அவர்கள்தான்.

டீக்கடை பெஞ்சு: ரஷீத் கான் பற்றி ஒரு பதிவு போடுங்களேன்.

கிரிக்கெட். அடுத்த கடை.

பந்து பொறுக்கி: சென்னைக்கு ஆடிய ஆப்கான் ஒருவர் இருந்தாரே?

மசீ சைகானி. 2019-20 சீசனில் சென்னையின் எஃப்சி. காபூலில் பிறந்து ஜெர்மனியில் வளர்ந்தவர், அதற்கு முன்னால் ஐஸ்வால், டாக்கா அபஹானி கிளப்புகள். அவர் டிபெண்டர். இந்த அமர்வுக்குள் அவர் வரக்கூடாது, ஆனாலும் சென்னை பெயர் வந்ததால் விடுகிறேன். அந்த சீசன் இறுதியாட்டம் கோவாவில், கொரோனா காரணமாக ஆளே இல்லாத மைதானத்தில் நடந்தது, கொல்கத்தா 3-1 என்று ஜெயித்தது. நினைவிருக்கும்.

கோல் போஸ்ட்: தாலிபான் முதல் ஆட்சியில் கால்பந்தே கிடையாதா?

இருந்தது. ஆண்களுக்கு மட்டும், முழுக்கால் சட்டை போட்டுக்கொண்டு. 2000 ஜூலையில் பாகிஸ்தானிலிருந்து ஒரு இளைஞர் அணி கந்தஹாருக்கு ஆட வந்தது. அரைக்கால் சட்டை போட்டிருந்தார்கள் என்று ஆட்டத்தின் நடுவிலேயே பிடித்து, தலையை மொட்டையடித்து அனுப்பினார்கள். காபூலின் காஜி மைதானத்தில் அந்த வருஷங்களில் என்ன நடந்தது என்பது உலகத்துக்கே தெரியும். கோல் கம்பம் நின்ற அதே புல்தரையில் மரண தண்டனை நிறைவேற்றினார்கள். தேசிய அணியோ 1984-க்குப் பிறகு 2002 பூசான் ஆசிய விளையாட்டு வரை ஒரு சர்வதேச ஆட்டமும் ஆடவில்லை. பதினெட்டு வருஷம். ஒரு ஸ்டிரைக்கர் பிறந்து, வளர்ந்து, ஆட்ட வயதுக்கு வந்துவிடக்கூடிய காலம் அது.

பெஞ்சு பிளேயர்: துர்க்மெனிஸ்தானிடம் 11-0?

ஆமாம், 2003, அஷ்காபாத். மேலே உள்ள பதிலைப் படித்தால் காரணம் புரியும். அடுத்த ஆட்டம் காபூலில், 2-0 தோல்வி மட்டும்தான். அதை யாரும் கேட்பதில்லை.

மழைக்கால மைதானம்: உள்ளூரிலேயே இருந்து மேலே வந்த ஃபார்வர்டுகளே இல்லையா?

உண்டு. 2012-ல் ஆப்கான் பிரீமியர் லீக் தொடங்கியபோது அணிகளுக்கு ஆள் எடுத்த விதம் வேடிக்கை. "மைதானே சப்ஸ்", அதாவது பச்சை மைதானம் என்று ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி. நம்மூரில் பாட்டுப் போட்டி நடத்துவது மாதிரி கால்பந்து வீரர் தேர்வு. ஊர் ஊராகப் பையன்கள் வந்து ஓடிக் காட்டினார்கள், நடுவர் குழு பொறுக்கி எடுத்தது. வட்டாரத்துக்கு ஒன்றாக எட்டு அணி. பெயர்களைக் கேளுங்கள்: ஹரிரூத் புயல், இந்துகுஷ் கழுகுகள், அபாசின் அலைகள், மைவந்த் நாயகர்கள். ஆறும் மலையும் போர்க்களமுமாக ஒரு நிலப்படமே அணிப் பட்டியலாகிவிட்டது. பாதுகாப்புக் காரணத்தால் எல்லா ஆட்டமும் காபூலில் ஒரே மைதானத்தில். முதல் கோப்பை ஹெராத்தின் ஹரிரூத் புயலுக்கு.

யுனிஃபார்ம் இல்லாதவன்: நாடியா நதீமைப் பற்றிச் சொல்லுங்கள். முழுக் கதையும் வேண்டும்.

முழுக் கதைக்கு இடமில்லை, எலும்பைத் தருகிறேன்.

1988 ஜனவரி 2, ஹெராத்தில் பிறந்தார். அப்பா ஆப்கான் ராணுவத் தளபதி. 2000-ல் தாலிபான் அவரைக் கொன்றது. அம்மாவும் ஐந்து பெண் பிள்ளைகளும். பெண் வெளியே வேலைக்குப் போகக்கூடாத நாட்டில் ஆண் துணை இல்லாத வீடு என்றால் என்ன என்று யோசித்துக்கொள்ளுங்கள். பாகிஸ்தான் வழியாக, பொய்ப் பாஸ்போர்ட்டில் இத்தாலி, அங்கிருந்து லாரியின் பின்பக்கத்தில் ஒளிந்து பயணம். லண்டனுக்குப் போகிறோம் என்று நம்பி ஏறினார்கள். இறங்கிப் பார்த்தால் டென்மார்க்.

அகதி முகாமுக்குப் பக்கத்தில் ஒரு கால்பந்துத் திடல். உள்ளே டேனிஷ் பெண் பிள்ளைகள் ஆடுவதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவர், ஒரு நாள் உள்ளே போய்க் கேட்டார். அங்கிருந்து ஆல்போர்க், விபோர்க், ஸ்கோவ்பாக்கன், ஃபோர்ச்சூனா ஹியோரிங் என்று டென்மார்க்குக்குள்ளேயே படி ஏறினார். 2014-ல் அமெரிக்காவின் ஸ்கை ப்ளூவுக்குப் போய் ஆறு ஆட்டத்தில் ஏழு கோல். போர்ட்லண்டோடு 2017 அமெரிக்க லீக் பட்டம். 2018 மான்செஸ்டர் சிட்டி. 2019-லிருந்து பாரிஸ் செயின்ட் ஜெர்மைன். 2021-ல் அந்த அணி பிரெஞ்சு லீக்கை வென்றபோது லியோனின் தொடர்ச்சியான பதினான்கு பட்ட வரிசை முறிந்தது. அப்புறம் லூயிவில், ஏசி மிலன், ஸ்வீடனின் ஹம்மர்பி.

2017 யூரோவை, அதாவது ஐரோப்பிய நாடுகளின் பெண்கள் கோப்பையை, மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். காலிறுதியில் ஜெர்மனி முதலில் கோல் போட்டது. யூரோவைத் தொடர்ந்து ஆறு தடவை வென்ற ஜெர்மனி. இடைவேளை முடிந்து நாலு நிமிடத்தில் நாடியா தலையால் முட்டிச் சமன் செய்தார். டென்மார்க் 2-1 என்று ஜெயித்தது. இறுதியாட்டத்தில் நெதர்லாந்துக்கு எதிராக ஆறாவது நிமிடத்திலேயே பெனால்டியை உள்ளே வைத்தார், கடைசியில் 4-2 தோல்வி. இதற்கு நடுவே ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார். 2022-ல் டாக்டர்.

ஓரக்கோடு: எல்லாம் சரி. ஆனால் அவர் டென்மார்க்குக்காக ஆடியவர். "ஆப்கான் ஃபார்வர்டு" அமர்வில் அவர் எப்படி வருகிறார்? அப்படியென்றால் பிரான்ஸுக்கு ஆடிய ஜிடேன் அல்ஜீரிய வீரரா?

ஜிடேன் பிறந்தது மார்செய். நாடியா பிறந்தது ஹெராத். உதாரணம் ஒட்டவில்லை.

ஓரக்கோடு: சரி, ஜெர்மனிக்கு ஆடிய க்ளோசா? போலந்தில் பிறந்தவர். உலகக் கோப்பையில் அதிக கோல் போட்ட போலந்துக்காரர் என்று எழுதுவீர்களா?

இது அடி. ஒத்துக்கொள்கிறேன், எழுத மாட்டேன். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. க்ளோசாவுக்குப் போலந்து என்ற வழி திறந்திருந்தது. போலந்துப் பயிற்சியாளரே வந்து கூப்பிட்டார், அவர் ஜெர்மனியைத் தேர்ந்தெடுத்தார். நாடியா டென்மார்க்குக்காக முதலில் ஆடியது 2009, அல்கார்வ் கோப்பை, எதிரி அமெரிக்கா. ஆப்கான் பெண்கள் அணி தன் முதல் அதிகாரபூர்வ சர்வதேச ஆட்டத்தை ஆடியது 2010 டிசம்பரில், வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில். நேபாளத்திடம் 13-0. ஆக, நாடியா தேர்வு செய்ய வேண்டிய நேரத்தில் தேர்வுத்தாளில் ஒரே ஒரு விடைதான் அச்சாகியிருந்தது.

பெஞ்சு பிளேயர்: நான் ஓரக்கோடு பக்கம். 2013 அணியில் பாதிப் பேர் ஜெர்மனியில் வளர்ந்தவர்கள், அவர்களை நீங்கள் ஆப்கான் என்கிறீர்கள், ஏனென்றால் சட்டை ஆப்கான். நாடியா விஷயத்தில் மட்டும் சட்டையைக் கழற்றிவிட்டுப் பிறந்த ஊரைப் பார்க்கிறீர்கள். ஒரு அளவுகோலைப் பிடியுங்கள் சார்.

இதற்குத்தான் நோட்டில் இரண்டு கட்டம் வைத்திருக்கிறேன். ஒன்று பிறந்த ஊர், ஒன்று சட்டை. சஞ்சர்: காபூல், ஆப்கான். நாடியா: ஹெராத், டென்மார்க். ஒன்றுக்காக இன்னொன்றை அடிக்க எனக்கு அதிகாரமில்லை.

அந்தச் சட்டை கிடைத்ததே சும்மா இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வயதில் டேனிஷ் குடியுரிமை வந்துவிட்டது. ஆனால் ஃபிபா விதிப்படி பதினெட்டுக்குப் பிறகு ஐந்து வருஷம் அந்த நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் புது நாட்டுக்கு ஆடலாம். அதாவது 23 வயது வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த விதி போட்டது பிரேசில் வீரர்களைப் பணம் கொடுத்து இழுக்கும் நாடுகளுக்காக. அதில் போய் மாட்டியது லாரியில் வந்த ஒரு பிள்ளை. டேனிஷ் கூட்டமைப்பு விடாமல் முட்டி மோதியது, ஃபிபா விதிவிலக்குக் கொடுத்தது. 2020-ல் விதியே மாறிவிட்டது. பத்து வயதுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் வந்தவர் ஐந்து வருஷம் அங்கே வாழ்ந்திருந்தால் போதும், ஆட்டத்துக்காகக் குடிபெயரவில்லை என்று காட்ட வேண்டும். இன்றைக்கு நாடியா மாதிரி ஒருவர் வந்தால் வக்கீல் தேவைப்படாது.

யுனிஃபார்ம் இல்லாதவன்: சண்டை போடுகிறவர்களுக்கு ஒன்று. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து ஓஸ்லோவில் வளர்ந்தவன். என் பிள்ளை நார்வே இளையோர் அணிக்கு ஆடினால் நீங்கள் எல்லோரும் "நம்ம பையன்" என்று பகிரமாட்டீர்களா? அப்போது எந்த அளவுகோல்?

இதற்கு ஓரக்கோடு பதில் சொல்லட்டும். நான் டீ குடித்துவிட்டு வருகிறேன்.

ஓரக்கோடு: பகிர்வேன். ஆனால் "நார்வே அணியில் தமிழ்ப் பையன்" என்று பகிர்வேன். இலங்கை வீரர் என்று இல்லை.

பார்த்தீர்களா, உங்கள் நோட்டிலும் இரண்டு கட்டம் இருக்கிறது. இதே பொருளில் இன்னும் பதினேழு பேர் எழுதியிருக்கிறீர்கள், ஒருவர் ரொனால்டினோவை இழுத்திருக்கிறார், ஏன் என்று புரியவில்லை. மூடுகிறேன்.

சைடு பெஞ்சு: நாடியா கத்தார் உலகக் கோப்பைத் தூதராக இருந்தது சரியா?

டென்மார்க்கில் கடுமையாக விமர்சித்தார்கள். எனக்கும் பிடிக்கவில்லை. அவர் ஆட்டத்தின் மேல் எனக்குள்ள மதிப்பு அதனால் குறையவும் இல்லை.

கோல் போஸ்ட்: ஆப்கானி ஃபார்வர்டுகள் ஏன் பெரிய கிளப்பில் இல்லை என்று கேட்டேன், சரியாகப் பதில் வரவில்லை.

வந்தது. மேலே. சிரித்துக்கொண்டே சொன்னதால் கவனிக்காமல் போயிருக்கலாம்.

டீக்கடை பெஞ்சு: இந்தியாவைக் குவாஹாட்டியில் அடித்த பெனால்டி போட்டவர் ஸ்டிரைக்கரா?

இல்லை. ஷரீப் முகமது, நடுக்கள ஆள், தேவைப்பட்டால் பின்னாலும் நிற்பார். ரஷ்யாவின் அன்ஷி கிளப்பில் இருந்தவர், கோகுலம் கேரளாவோடு ஐ-லீக் வென்றவர். 2024 மார்ச் 26, சேத்ரியின் 150-ஆவது ஆட்டம், அவரே பெனால்டியில் முதல் கோல் போட்டார். ரஹ்மத் அக்பரி சமன் செய்தார், 88-ஆவது நிமிடம் ஷரீப் பெனால்டி, 2-1. பயிற்சியாளர் ஆஷ்லி வெஸ்ட்வுட், ஒரு காலத்தில் பெங்களூரு எஃப்சியைக் கட்டியெழுப்பியவர். இந்தியக் கிளப் கால்பந்தை உள்ளும் புறமும் தெரிந்தவர்கள் இருவர் சேர்ந்து இந்தியாவை வீட்டுக்குள் வந்து அடித்துவிட்டுப் போனார்கள். அதற்குச் சில மாதம் முன்புதான் கூட்டமைப்பில் ஊழல் என்று சொல்லிப் பதினெட்டு வீரர்கள் அணியைப் புறக்கணித்திருந்தார்கள். மிச்சமிருந்ததைக் கூட்டிக்கொண்டு வந்த அணி அது. கத்தாரிடம் 8-1 என்று தோற்றிருந்தார்கள்.

மழைக்கால மைதானம்: 2021-ல் விமானத்திலிருந்து விழுந்தவர் கால்பந்து வீரர் என்று படித்தேன். உண்மையா?

உண்மை. ஜகி அன்வாரி, இளையோர் அணியில் ஆடியவர். இருபது வயதுகூட ஆகவில்லை. ஆகஸ்ட் 16, காபூல் விமான நிலையம், தாலிபான் மறுபடி ஆட்சிக்கு வந்ததும் எல்லோரும் தப்பி ஓடிய நாள்.

பந்து பொறுக்கி: இப்போது பெண்கள் அணியின் நிலை?

நாட்டுக்குள் இல்லை. தேசிய அணிப் பெண்கள் பலர் ஆஸ்திரேலியாவுக்குத் தப்பினார்கள், மெல்போர்ன் விக்டரி கிளப் அவர்களை ஒரு அணியாகச் சேர்த்து அங்கே லீக்கில் ஆட வைத்தது. இளையோர் அணிப் பெண்கள் போர்ச்சுகலுக்குப் போனார்கள். பல வருஷம் முன்னாள் கேப்டன் காலிதா போபல் ஃபிபாவின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். 2025-ல் ஃபிபா அகதிப் பெண்கள் அணி ஒன்றை ஏற்றுக்கொண்டது. அந்த அக்டோபரில் மொராக்கோவில் மூன்று ஆட்டம்: சாட் நாட்டிடம் 6-1 தோல்வி, துனீசியாவிடம் 4-0 தோல்வி, லிபியாவை 7-0 என்று வென்றார்கள். நான்காண்டு ஊர் ஊராகப் பிரிந்து கிடந்தவர்கள் ஒரே ஆட்டத்தில் ஏழு கோல். அந்த ஏழையும் நோட்டில் எழுதும்போது கட்டத்தில் நாடு என்று எதைப் போடுவது என்று கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஆப்கானிஸ்தான் என்றே போட்டேன். ஓரக்கோடு, ஆரம்பிக்காதீர்கள்.

சைடு பெஞ்சு: ரஷீத் கான் கால்பந்து ஆடுவாரா?

அடுத்த கடை என்று சொன்னேன்.

புதுப் பையன்: சார், பத்து ஆப்கானிக்குக் காபூலில் என்ன கிடைக்கும்?

சில வருஷத்துக்கு முன்வரை ஒரு நான் ரொட்டி. தம்பி, இன்றைக்கு அந்தச் சொல்லைச் சரியான இடத்தில் போட்ட ஒரே ஆள் நீங்கள்தான்.